சும்மா போகிற சுரம்

டீச்சர் சொன்னது அவருக்கு அடுத்த வீட்டுக் கதவை யாரோ தட்டுவதைப் போலத்தான் கேட்டது. தட்டுகிறார்கள் என்று தெரிந்தது. எழுந்து போகத் தோன்றவில்லை.

குழந்தைகளுக்கான நடன வகுப்பில் பியானோ வாசிப்பது அவர் வேலை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தார்கள். நடனம் சொல்லித்தரும் டீச்சர் பியானோவின் பக்கவாட்டில் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. அந்த மெதுவான நடனத்துக்கு உங்க வாசிப்புல பிள்ளைங்களுக்குக் கால் வைக்க இடமே இல்ல. ஒவ்வொரு சுரமும் தொம் தொம்னு விழுது. எதுல காலை ஊனணும், எதுல தூக்கணும்னு தெரியாம முழிக்குதுங்க. பதிவு பண்ணின பாட்டைப் போட்டா ஒழுங்கா ஆடுதுங்க."

"ம்."

"அடுத்த சனிக்கிழமை ஒத்திகை. அன்னிக்கும் இப்படியே இருந்தா நிகழ்ச்சிக்குப் பதிவையே வச்சுக்கலாம்னு இருக்கேன். அப்புறம் வகுப்புக்கும் அதுவே போதும்னு மேல இருக்கறவங்க சொல்லுவாங்க. உங்ககிட்ட மறைக்க விரும்பல."

"சரி டீச்சர்."

அவர் ஏதாவது வாதாடுவார் என்று அவள் சிறிது நேரம் நின்றாள். அவர் மூடியை இறக்கினார், அதன் மேல் துணியைப் போர்த்தினார், துணியின் நான்கு முனைகளையும் சமமாக இழுத்துவிட்டார். அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கணக்குப் பார்த்தார். இந்த வகுப்பும் போய்விட்டால் காலையில் சட்டை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. சட்டை மாற்றாவிட்டால் கீழே இறங்க வேண்டியதில்லை. கீழே இறங்காவிட்டால் யாருடனும் பேச வேண்டியதில்லை. அப்படியே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் மிச்சம் என்ன நிற்கும் என்று பார்த்தார். கட்டில்தான் நின்றது. அது தனக்கு நல்லதல்ல என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் பயம் வரவில்லை. வரவேண்டிய பயம் வராததுதான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

அவர் முறையாகப் பள்ளியில் இசை படித்தவர் அல்ல. அப்பா தையல்காரர். கடைக்கு மேல்மாடியில் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு கூடம் இருந்தது. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கச் சொல்லி உட்கார வைத்த பையன், மேலே வாத்தியம் கேட்டால் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு ஓடிப்போய்விடுவான். கேட்டுக் கேட்டே விரல் பழகியது. பிறகு அந்தக் கூடத்தில் வாசித்த குழுவிலேயே சேர்ந்தார். அங்கே அவருக்கு வைத்த பெயர் 'பத்துவிரல்'. அது வெறும் புகழ்ச்சி அல்ல. குழுவின் தலைவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. மேலே ஒரு சுரம் வந்தால் கீழே ஒரு கார்டு வந்தாக வேண்டும்.

மூன்று நான்கு கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் எழும் கூட்டொலிக்குத்தான் தொழிலில் கார்டு என்று பெயர். ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கார்டு. ப, நி, ரி சேர்ந்தால் இன்னொன்று. பாட்டின் மெட்டு வலது கையில் நடக்கும்; அதைத் தாங்கும் கார்டு இடது கையில் கிடக்கும். தலைவரின் சட்டப்படி மெட்டு ச, ரி, க என்று ஏறினால் ச-வுக்கு ஒரு கார்டு, ரி-க்கு வேறு ஒரு கார்டு, க-வுக்கு இன்னொன்று. ஒரு சுரம்கூடத் துணையில்லாமல் நிற்கக்கூடாது.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. கூடத்தில் ஐந்நூறு பேர் சாப்பிடுவார்கள், பேசுவார்கள், குழந்தைகள் நாற்காலியை இழுப்பார்கள். அந்த இரைச்சலில் கொஞ்சம் இடைவெளி விட்டாலும் வாத்தியம் நின்றுவிட்டது என்று நினைத்து ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "விரல் சும்மா இருந்தா சோறு சும்மா வருமாடா?" என்பார் தலைவர். பத்துவிரலின் விரல்கள் சும்மா இருந்ததே இல்லை. அதற்காகவே அவரைத் தேடி வந்து அழைத்துப் போனார்கள். குழு கலைந்து, தலைவர் மகன் வீட்டுக்குக் குடிபோய், கூடம் மருந்துக் கிடங்காக மாறிய பிறகும் அந்தச் சட்டம் மட்டும் அவர் இடது கையில் அப்படியே இருந்தது.

குழுவில் கீழ்ச் சுரம் வாசித்த பேஸ் கிதார்காரருக்கு 'தூண்' என்று பெயர். உடம்பும் அப்படி, வாசிப்பும் அப்படி. ஒரு சுரத்தில் நின்றார் என்றால் நகரவே மாட்டார். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் சொல்லவேண்டும் என்று பத்துவிரல் நினைக்கவில்லை. கண்ணாடியின் காது வளைவு தளர்ந்துபோனதால் திருகி வாங்கப் போனார். போன இடத்தில், திருப்புளியைப் பார்த்துக்கொண்டே, "சனிக்கிழமையோட வகுப்பு போயிடும் போலிருக்கு," என்றார்.

"என்னடா இது, பால் வரலன்னு சொல்ற மாதிரி சொல்ற?" தூண் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் போவுது?"

அவர் டீச்சர் சொன்னதை ஒப்பித்தார். தூண் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு ஒரு வருஷத்துல கண்டுபிடிச்சிடுச்சு. நான் உன் பக்கத்துல அத்தனை வருஷம் நின்னுட்டு வாயைத் தெறக்கல."

"தெறந்திருக்கலாமே."

"தெறந்தா தலைவர் என்னையில்ல தூக்கியிருப்பார்? ஞாயித்துக்கிழமை கடை லீவு. வீட்டுக்கு வரேன். ஆமா, தங்கச்சி எப்போ வராங்க?"

"தெரியல."

மனைவி, மகளின் பிரசவத்துக்கு என்று போனவள். குழந்தை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் மகள்தான் தொலைபேசியில், "அம்மா இப்போதைக்கு வரமாட்டாங்கப்பா. அவங்களுக்கு இங்க கொஞ்சம் மனசு அமைதியா இருக்கு," என்று இழுத்தாள். அவர் சரி என்றார். அன்று சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவி, அதே தட்டை மறுபடி எடுத்துக் கழுவினார். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அழுகையோ கோபமோ வரும் என்று சில நாட்கள் பார்த்தார். பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

தூண் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். நான்கு மாடி ஏறிய களைப்பில் கதவருகிலேயே நின்று, "லிஃப்ட் இல்லாத வீட்டுல பியானோ எப்படிடா ஏத்தின?" என்றார்.

"பியானோ இல்ல. கீபோர்டு."

"அதுவும் சரிதான். வாசி."

மெதுவான நடனத்துக்கான மெட்டு பத்துவிரல் கட்டியதுதான். வாசித்தார். தூண் கண்ணை மூடிக்கொண்டு பாதிவரை கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கி அவர் மடியிலேயே வைத்தார்.

"இப்போ வலது கை மட்டும்."

பத்துவிரல் வாசித்தார். தூண் தன் ஒற்றை விரலால் கீழே ச-வை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தார். மேலே மெட்டு ச, ரி, க என்று ஏறியது. ரி வந்தபோது பத்துவிரலின் இடது கை மடியிலிருந்து துள்ளியது.

"இரு. எங்க போற?"

"ரி வந்துச்சே. ச கார்டுக்குள்ள ரி இல்லையேடா."

"இல்லதான். அதனால?"

"அதுக்குக் கீழ எதுவும் இல்லாம நிக்குது."

"நிக்கலடா. போவுது. ச-விலேர்ந்து க-வுக்குப் போற வழி அது. நீ இங்க நாலு மாடி ஏறி வர, ஒவ்வொரு படியிலயும் கட்டில் போட்டுப் படுத்துட்டா வருவ? படிக்குப் படி வீடு கட்டினா மேல எப்படா போறது?"

பத்துவிரல் மறுபடி வாசித்தார். ச, ரி, க. ரி வந்த நேரம் உரசியது. உடனே க வந்து அந்த உரசலைத் துடைத்துவிட்டது. மோசமாக இல்லை. மோசமாக இல்லை என்பதே அவருக்கு உறுத்தலாக இருந்தது.

"இதை எழுதிப் படிச்சவங்க இதுக்கெல்லாம் பேர் வச்சிருக்காங்க," என்றார் தூண். "கார்டுல சேராத சுரம். அதுலயும் ஜாதகம் மாதிரி வகைவகையா இருக்கு. வழியில போறது ஒண்ணு. ப-விலேர்ந்து த-வை எட்டிப் பார்த்துட்டு மறுபடி ப-வுக்கே வந்துடறது ஒண்ணு, பக்கத்து வீட்டுக் குழம்பை மோந்து பார்த்துட்டு வர மாதிரி. கடைசி ச-வுக்கு இன்னும் நேரம் இருக்கறப்பவே முந்திக்கிட்டு வந்து நிக்கறது ஒண்ணு, பந்தியில உன் சித்தப்பா மாதிரி."

"அவர் செத்துட்டாரு."

"அங்கயும் முந்திட்டாரா?"

பத்துவிரல் சிரிக்க வேண்டிய இடம் அது என்று அறிந்தார். உதட்டை அசைத்தார்.

சொன்னது புரிந்தது. கை கேட்கவில்லை. மடியில் வைத்த கையைக் கட்டைமேல் எடுத்துவைத்து ச கார்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், இரண்டாவது சுரத்திலேயே அது இடம் மாறியது. தூண் திட்டிப் பார்த்தார். தன் கையை அதன்மேல் வைத்து அமுக்கிப் பார்த்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து, கவிழ்த்து, பத்துவிரலின் புறங்கையில் வைத்தார்.

"இது விழக்கூடாது. மெட்டு ஓடட்டும். கூடு விழுந்தா, தேவையில்லாம கார்டு மாத்திட்டன்னு அர்த்தம். நான் எப்போ எடுக்கறேனோ அப்போதான் மாத்தணும்."

கூடு விழுந்தது. எடுத்து வைத்தார்கள். விழுந்தது. கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். தூண் தரையைப் பார்த்து, "வித்தை பழகறோம் சார்!" என்று கத்தினார். மறுபடி விழுந்தது.

சாயங்காலம் ஆனபோது பாதி மெட்டுவரை கூடு நின்றது. அப்போதுதான் தூண் ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டினார். மெட்டு மேல் ச-வில் நீளமாக நிற்கும் இடம். கீழே கார்டு ப, நி, ரி என்று மாறிவிடுகிறது. அந்தக் கார்டுக்குள் ச இல்லை. இதுவரை அந்த இடம் வந்தால் பத்துவிரல் கீழே இன்னொரு கார்டை நுழைத்துச் ச-வுக்கு இருக்கை போட்டுக்கொடுத்துவிடுவார்.

"நுழைக்காத. கீழ மாத்து. மேல அதே ச-வை விடாம பிடி. அப்புறம் மெதுவா நி-க்கு இறங்கு."

அவர் அப்படியே செய்தார். கீழே கார்டு மாறியது. மேலே ச மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. ஒரு கணம்முன் சரியாக இருந்த அதே சுரம், விரலை அசைக்காமலே, தப்பாகிப் போயிருந்தது.

"இது தப்பில்லையாடா?"

"தப்பில்ல. தரை மாறிடுச்சு. மேல நிக்கறவனுக்கு இன்னும் சேதி போய்ச் சேரல. அவ்வளவுதான்."

பத்துவிரல் நி-க்கு இறங்கவில்லை. ச-விலேயே பிடித்திருந்தார்.

"எவ்வளவு நேரம் இப்படி நிக்கலாம்?"

"காது பொறுக்கற வரைக்கும். இறங்குடா, எனக்குப் பொறுக்கல."

இறங்கினார். தூண் கூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளப் போனவர், நினைத்துப் பார்த்து, கீபோர்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க அவர் தினமும் கூட்டைப் புறங்கையில் வைத்து வாசித்தார். ஆசையோடு செய்தார் என்று சொல்ல முடியாது. பல் விளக்குவதைப் போலச் செய்தார். ஆனால் பொறுமை அவருக்குப் புதிதல்ல. காஜா எடுத்த கை. எந்தச் சுரம் கார்டைக் கேட்கிறது, எது கேட்காமல் போகிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தாளத்தின் அடிமேல் விழுகிற சுரம் தன் இடத்தைக் கேட்டது. இரண்டு அடிகளுக்கு நடுவே வருவது பெரும்பாலும் எதுவும் கேட்கவில்லை. அதைத் தான் இத்தனை வருஷம் நிறுத்தி நிறுத்தி விசாரித்திருப்பது தெரிந்தது.

விசாரிப்பது என்றதும் மனைவி நினைவுக்கு வந்தாள். அவள் சன்னலருகில் போய் நின்றால் யார் வந்தது என்று கேட்பார். "சும்மா நிக்கறேங்க," என்பாள். "சும்மாவா ஒரு ஆள் நிப்பாங்க?" என்பார். அவள் 'ம்ஹும்' என்று மூச்சுவிட்டால் உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன, யார் என்ன சொன்னார்கள் என்று காரணம் கிடைக்கும்வரை விடமாட்டார். அக்கறையோடுதான் கேட்டார். ஒருமுறை அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "உங்ககூட இருந்தா கொட்டாவி விடக்கூட கணக்குக் காட்டணும்."

அப்போது அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். இப்போது அது வேடிக்கை அல்ல என்று புரிந்தது. புரிந்தபோது நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். கூடு புறங்கையில் அசையாமல் இருந்தது. வாசிப்பைத் தொடர்ந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி பேசினாள். அவள் பேசுகிற நாள் அது.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"குட்டி இன்னிக்கு ரெண்டு எட்டு தனியா வெச்சா. இங்க மூணு நாளா ஒரே மழை."

"ம்."

மறுமுனையில் கொஞ்சநேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன, ஒண்ணும் கேக்கல?"

"என்ன கேக்கறது?"

"துணி காயுதா, குடை இருக்கா, குட்டிக்குச் சளி பிடிச்சுதா, எதுக்கு இப்போ மழையைப் பத்திச் சொல்றன்னு... இவ்வளவு நேரத்துல பத்து கேட்டிருப்பீங்க." அவள் குரல் சற்று இறங்கியது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒத்திகை."

"என்ன ஒத்திகை?"

அவர் சொன்னார். சரியாக வராவிட்டால் வகுப்பு போய்விடும் என்பதையும் சொன்னார். அவள் அடடா என்றோ, வரும் வரும் என்றோ சொல்லவில்லை. "சரி, வாசிங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கேட்காமல் விட்டதற்காக அவள் தன்னை மெச்சினாளா, பயந்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்காமல் விட்டது அவருடைய சாமர்த்தியம் அல்ல. கேட்க ஒன்றும் எழவில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

சனிக்கிழமை நடன வகுப்புக் கூடத்தில் கூட்டம் அதிகம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால் இருபது பிள்ளைகள் நாற்பதாகத் தெரிந்தார்கள். தரையில் ஒட்டியிருந்த வண்ண நாடாக்களின்மேல் தங்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள். கதவருகே நடனப் பள்ளியின் மேலாளர் கைகட்டி நின்றார். மேசைமேல் ஒலிபெருக்கி ஒன்று. டீச்சரின் தொலைபேசி அதில் செருகித் தயாராக இருந்தது. அதை அவர் பார்க்கட்டும் என்று யாரும் வைக்கவில்லை, பார்க்கக்கூடாது என்று மறைக்கவும் இல்லை.

"மெதுவானது முதல்ல," என்றாள் டீச்சர். "அண்ணா, பார்த்து."

அவர் இடது கையை ச கார்டில் இறக்கினார். புறங்கையில் கூடு இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

ச, ரி, க. ரி தன் பாட்டுக்குப் போயிற்று. பிள்ளைகளின் கால்கள் ச-வில் ஊன்றின, ரி-யில் காற்றில் இருந்தன, க-வில் இறங்கின. இருபது பாதங்கள் ஒரே சத்தமாக விழுந்தன. அவர் நிமிரவில்லை. ப, த, ப. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒரு இடத்தில் இடது கை தன் பழைய புத்தியைக் காட்டி நகர்ந்தது; முன்வரிசையில் ஒரு பிள்ளை தடுமாறி, அடுத்த அடியில் சேர்ந்துகொண்டது. டீச்சரின் தலை திரும்பியதை ஓரக்கண்ணில் பார்த்தார்.

பிறகு அந்த நீண்ட ச வந்தது. அங்கே பிள்ளைகள் முன்பாதத்தில் எழும்பி, கைகளைத் தலைக்குமேல் தூக்க வேண்டும். தூக்கினார்கள். கீழே கார்டு ப, நி, ரி என்று மாறியது. மேலே ச நின்றது. இப்போது நி-க்கு இறங்க வேண்டும். பிள்ளைகளும் அதோடு இறங்குவார்கள்.

அவர் சுண்டுவிரலை எடுக்கவில்லை.

வேண்டுமென்று பிடித்தார் என்றும் சொல்ல முடியாது, மறந்தார் என்றும் சொல்ல முடியாது. தரை மாறிவிட்டது என்பதை அவர் காது கேட்டது. விரலுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. பியானோவின் கம்பியில் ச தேய்ந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் முன்பாதத்திலேயே நின்றார்கள். ஒருத்தியின் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது. கண்ணாடியில் இன்னொரு நடுக்கம் தெரிந்தது. யாரும் இறங்கவில்லை, சத்தம் இறங்காமல் இறங்கக்கூடாது என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. மேலாளர் கட்டிய கையைப் பிரித்தார். டீச்சர் வாயைத் திறந்தாள்.

அவர் நி-க்கு இறங்கினார்.

நாற்பது குதிகால்களும் தரையைத் தொட்டன. யாரோ ஒரு குழந்தை 'ஸ்ஸ்' என்று மூச்சு விட்டது. மீதி மெட்டைத் தப்பில்லாமல் வாசித்து முடித்தார். முடிந்ததும் கைகளை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். வலது சுண்டுவிரலில், கடைசிக் கணுவில், வலி இருந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தார் என்று வலித்த பிறகுதான் தெரிந்தது.

டீச்சர் பியானோவை நோக்கி வந்தாள். வரும் வழியில் தடுமாறிய பிள்ளையின் தோளைத் தொட்டுவிட்டு வந்தாள். அவர் எழுந்திருக்கலாமா என்று யோசித்தார்.

"அந்தத் தூக்கற இடம்," என்றாள்.

"தெரியும் டீச்சர்."

"பிள்ளைங்க விழுந்துடும்னு பயந்துட்டேன்."

"தெரியும்."

"நிகழ்ச்சியில அவ்வளவு நேரம் வேணாம். அதுல பாதி போதும். நான் தலையை அசைக்கறேன், அப்போ இறக்குங்க. அங்கேர்ந்து நான் தெரியறேனா, இல்ல பியானோவைக் கொஞ்சம் திருப்பிப் போடணுமா?"

அவர் அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். பியானோவின் மூடி அவளை நெற்றிவரை மறைத்தது.

"கொஞ்சம் திருப்பணும்," என்றார்.

மேலாளர் ஒரு பக்கமும் டீச்சர் ஒரு பக்கமும் பிடித்தார்கள். அவர் நடுவில் நின்று தள்ளினார். சக்கரங்கள் துருப்பிடித்திருந்ததால் பியானோ முதலில் நகர மறுத்தது, பிறகு பெரிய முனகலோடு நகர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் நாற்காலியை இழுத்துச் சரியான தூரத்தில் போட்டு உட்கார்ந்து, வலித்த விரலைக் கட்டையில் வைத்துப் பார்த்தார்.

"எங்கேர்ந்து டீச்சர்?"

"கை தூக்கறதுக்கு முந்தின வரியிலேர்ந்து."

பிள்ளைகள் நாடாக்களின்மேல் போய் நின்றார்கள். அவர் அவள் தலையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கினார்.